ஏஜென்ட் இருக்கட்டும் டீச்சர், நாலாம் பிரிவைப் படித்தீர்களா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் நீளமான கடிதம் எழுதி, கூடவே ஓர் ஒப்பந்த நகலையும் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

கேரள அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். ஓய்வுக்குப் பிறகு ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறார். 1956-இல் மாநிலங்கள் பிரிந்த சமயத்தில் சித்தூர் தாலுகாவில் கிணறு வெட்டிப் பிழைத்த குடும்பங்களின் கதை. அச்சில் 320 பக்கம் வரும். பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகன், "லிட்டரரி ஏஜென்ட் இல்லாமல் அனுப்பினால் எந்தப் பதிப்பகமும் பிரித்துக்கூடப் பார்க்காது அத்தை" என்று சொல்லியிருக்கிறார். போன நவம்பரில் சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்பி, ஐந்து மாதமாகியும் பதில் இல்லை. அவன் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று மனசு விட்டுப்போன நேரத்தில், ஃபேஸ்புக் விளம்பரத்தில் பார்த்த ஒரு நிறுவனத்துக்கு அனுப்ப, மூன்றே நாளில் "உங்கள் படைப்பைத் தேர்வு செய்துவிட்டோம் மேடம்" என்று போன் வந்திருக்கிறது.

கட்டணம் 85,000 ரூபாய். மெய்ப்பு (அச்சுப் பிழை பார்ப்பது), மொழித்திருத்தம், அட்டை, ஐஎஸ்பிஎன் எண் (புத்தகத்தின் அடையாள எண்), காப்பிரைட் பதிவு, 300 படிகள், நூலக ஆணை (அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் உத்தரவு), புத்தகக் காட்சியில் வெளியீடு எல்லாம் அதில் அடக்கமாம். 10,000 ரூபாய் ஜிபேயில் போட்டாகிவிட்டது. மாதக் கடைசிக்குள் கையெழுத்திட்டால்தான் இந்த விலை. கணவரோ, "அந்தப் பணத்துக்கு நாமே கோயமுத்தூரில் அச்சடித்துவிடலாம்" என்கிறார். கூட வேலை பார்த்த மலையாள ஆசிரியை ஒருவர் நாவலை மலையாளத்தில் கொண்டுவர ஆசைப்படுகிறார். இதற்கு நடுவில் இரண்டு பயங்கள்: கதையை யாராவது திருடிவிடுவார்களோ; கணக்குப்பிள்ளை காணாமல் போனதில் உள்ள கொலைச் சந்தேகத்தை எழுதியதற்காக, கதையில் வரும் பண்ணையார் குடும்பம் கேஸ் போடுமோ.

டீச்சர், விலை ஏறிவிடும் என்ற மிரட்டலுக்காக இந்த மாதக் கடைசியில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் நாவல் மே மாதத்திலும் அதே நாவலாகத்தான் இருக்கும். அவர்களுடைய விலையும், என் அனுபவத்தில், அதே விலையாகத்தான் இருக்கும்.

ஏஜென்ட் எங்கே தேவை

உங்கள் மருமகன் பொய் சொல்லவில்லை. வேறு ஊர் நியாயத்தைச் சொல்லியிருக்கிறார். லண்டன், நியூயார்க் நகரத்துப் பெரிய ஆங்கிலப் பதிப்பகங்கள் பல, ஏஜென்ட் வழியாக வராத கையெழுத்துப் பிரதியை வாங்குவதில்லை. ஏஜென்ட் அங்கே எழுத்தாளருக்காகப் பதிப்பகத்தைத் தேடி, பேரம் பேசி, ஒப்பந்தத்தைப் படித்து, வருகிற பணத்தில் வழக்கமாக 15 விழுக்காடு எடுத்துக்கொள்வார். புத்தகம் விற்றால்தான் அவருக்குக் காசு. முன்பணம் கேட்பவரை அங்கேயும் ஏஜென்ட் என்று யாரும் மதிப்பதில்லை. இந்தியாவில் ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கும் சில ஏஜென்சிகள் இருக்கின்றன.

தமிழில் அந்த வழக்கம் வேரூன்றவில்லை. எழுத்தாளர் பதிப்பாளருக்கு நேரே அனுப்புகிறார், அல்லது தெரிந்த இன்னொரு எழுத்தாளர் ஒரு வார்த்தை சொல்கிறார். முதல் நாவலோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் வந்தார்கள். ஆகவே ஏஜென்ட் இல்லை என்பது உங்கள் குறை அல்ல. ஆனால் ஏஜென்ட் செய்கிற வேலைகளில் ஒன்று மட்டும் இங்கே யாரும் செய்யாமல் அப்படியே கிடக்கிறது: ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்கிற வேலை. என்னிடம் வருகிற எழுத்தாளர்களில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதை முதல்முறையாகப் படிக்கிறார்கள்.

ஐந்து மாத மௌனத்துக்கு வருவோம். நீங்கள் அனுப்பியது நவம்பரில். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியை ஒட்டி நடப்பது. அதற்கு முந்தைய மூன்று மாதம் பதிப்பகங்களில் அச்சக ஆளும் மெய்ப்புத் தாளும் தவிர வேறு எதற்கும் இடமிருக்காது. அந்த நேரத்தில் போய்ச் சேர்ந்த மின்னஞ்சல் யாராலும் நிராகரிக்கப்படவில்லை, யாராலும் திறக்கப்படவில்லை, அவ்வளவுதான். "நவம்பரில் அனுப்பிய நாவல் பற்றி" என்று இரண்டு வரி எழுதி நினைவூட்டுங்கள். கூடவே உங்கள் மாதிரி மண்சார்ந்த நாவல்கள் போடுகிற இன்னும் இரண்டு மூன்று பதிப்பகங்களுக்கும் மே, ஜூனில் அனுப்புங்கள். வேறு இடத்துக்கும் அனுப்பியிருப்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். முழு நாவலையும் முதலிலேயே அனுப்ப வேண்டாம்: ஒரு பக்கக் கதைச்சுருக்கம், உங்களைப் பற்றி நாலு வரி, முதல் மூன்று அத்தியாயம். யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருவில் அடித்ததை அனுப்பினால் அங்கே திறக்கும்போது கட்டம் கட்டமாகத் தெரியும், அதற்குமேல் யாரும் போராட மாட்டார்கள். முடிந்தால் தனியாக நிற்கக்கூடிய ஓர் அத்தியாயத்தைச் சிற்றிதழ் எதற்காவது கொடுங்கள். பதிப்பாளர்கள் அவற்றைப் படிக்கிறவர்கள்.

நாலாம் பிரிவு

இனி அந்த ஒப்பந்தம். பன்னிரண்டு பிரிவுகளில் பெரும்பாலானவை வெறும் நிரப்பல். நாலாவது இது: "படைப்பாளர் மேற்படி நூலின் அனைத்து உரிமைகளையும் எல்லா மொழிகளிலும், எல்லா வடிவங்களிலும், உலகம் முழுவதற்கும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் பதிப்பகத்துக்கு மாற்றிக் கொடுக்கிறார்." இதைப் படித்துவிட்டு, "அவர்கள் போடுகிறார்கள், அதனால் உரிமையும் அவர்களுக்குத்தானே" என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை டீச்சர்.

1957-ஆம் வருஷத்துக் காப்பிரைட் சட்டப்படி, எழுதியவர்தான் முதல் உரிமையாளர். அந்த உரிமை உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 வருஷமும் இருக்கும். அது ஒற்றை உரிமையும் அல்ல. அச்சிடுவது, மொழிபெயர்ப்பது, சினிமாவாக்குவது, நாடகமாக்குவது என்று தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கக்கூடிய கட்டு. நாலாம் பிரிவில் கையெழுத்துப் போட்டால் மொத்தக் கட்டும் கைமாறிவிடும். பிறகு உங்கள் தோழி மலையாளத்தில் கொண்டுவர அந்த நிறுவனத்திடம்தான் அனுமதி கேட்க வேண்டும். நாளைக்கு யாராவது கிணற்று அத்தியாயத்தைக் குறும்படம் எடுக்க வந்தாலும் அப்படியே.

இந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு எழுத்தாளர் பக்கம் கொஞ்சம் சாய்ந்து எழுதப்பட்டது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு என்று சொல்ல வேண்டும். காலம் சொல்லாமல் விட்டால் ஐந்து வருஷம் என்றும், இடம் சொல்லாமல் விட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். ஆனால் இந்தக் கடைசி மூன்றும் ஒப்பந்தம் பேசாமல் விட்ட இடத்தில்தான். உங்களுடையது எல்லாவற்றையும் பேசியிருக்கிறது. ஒன்பதாம் பிரிவைப் பாருங்கள்: "உரிமைகளைப் பயன்படுத்தாதிருப்பதால் இம்மாற்றம் காலாவதியாகாது." அந்த ஒரு வருஷப் பாதுகாப்பை அடைப்பதற்கென்றே யாரோ விஷயம் தெரிந்தவர் எழுதிக் கொடுத்த வரி இது. கட்டணத்தில் அடங்கிய 'காப்பிரைட் பதிவு' யார் பெயரில் நடக்கும் என்று ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

அப்படியானால் நியாயமான ஒப்பந்தம் எப்படி இருக்கும்? உரிமை மாற்றம் வேண்டாம், அனுமதி போதும். தமிழில், அச்சுப் புத்தகமாக, மூன்று அல்லது ஐந்து வருஷத்துக்கு. மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா ஆகியவை எழுத்தாளரிடமே. புத்தக விலையில் இத்தனை விழுக்காடு ராயல்டி (தமிழில் 10 என்பதுதான் பரவலாகப் பேசப்படும் எண்), வருஷத்துக்கு ஒருமுறை எத்தனை படி அச்சானது, எத்தனை விற்றது என்ற கணக்கோடு. படிகள் தீர்ந்து இத்தனை மாதத்துக்குள் மறுபதிப்பு வராவிட்டால் உரிமை திரும்பிவிடும் என்று ஒரு வரி. நல்ல பதிப்பாளர் எவரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒப்பந்தமே போடாமல் வாய்ப்பேச்சில் புத்தகம் போடுகிறவர்களும் நம்மிடையே நிறைய உண்டு. அவர்களிடம் இந்த அம்சங்களை ஒரு மின்னஞ்சலாக எழுதி, "சரி" என்ற பதிலை வாங்கி வைத்துக்கொண்டாலே பாதிச் சண்டை வராது.

இன்னொன்றையும் அந்த நியாயமான ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்வேன். அந்த நிறுவனம் மாதிரிக்குத் திருத்தி உங்களுக்கு அனுப்பிய அத்தியாயத்தைப் பார்த்தேன். கிணற்றுக்குள் நின்று வெடி வைக்கிறவனும் மேலே கயிறு பிடிப்பவளும் பேசுகிற பேச்சை முழுக்க வானொலிச் செய்தித் தமிழாக்கி வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர்ப்பக்கத்துத் தமிழில் மலையாளம் கலந்து வருவதைப் பிழை என்று நினைத்துவிட்டார்கள் போல. காப்பிரைட் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் படைப்பைச் சிதைப்பதற்கு எதிராக எழுத்தாளருக்கு ஓர் உரிமையைத் தருகிறது உண்மைதான். ஆனால் அதற்கு உங்கள் பெயருக்கும் மதிப்புக்கும் கேடு வந்தது என்று காட்ட வேண்டும். ஒவ்வொரு வரித் திருத்தத்துக்கும் அது உதவிக்கு வராது. "இறுதி மெய்ப்பை எழுத்தாளர் பார்த்து ஒப்புதல் தராமல் அச்சுக்குப் போகக்கூடாது, உரையாடலில் வட்டார வழக்கை மாற்றக்கூடாது" என்று இரண்டு வரி எழுதிக்கொள்வது வழக்கைவிடச் சுலபம்.

85,000 ரூபாய்க் கணக்கு

காசு வாங்கிப் புத்தகம் போடுவது குற்றமில்லை. அது ஓர் அச்சுச் சேவை. ஆனால் சேவைக்குக் காசு கொடுத்தவருக்குப் பொருள் சொந்தமாக வேண்டும். இங்கே காசும் கொடுத்து உரிமையும் கொடுக்கச் சொல்கிறார்கள், அதுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

புத்தகத்துக்கு 400 ரூபாய் விலை வைத்து, ஒப்பந்தப்படி 10 விழுக்காடு ராயல்டி என்றால் ஒரு படிக்கு 40 ரூபாய். போட்ட 85,000 திரும்பி வர 2,125 படி விற்க வேண்டும். அவர்கள் அடிக்கப்போவது 300.

மற்ற வாக்குறுதிகளும் அப்படித்தான். ஐஎஸ்பிஎன் எண்ணை மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகத் தருகிறது. தானே வெளியிடும் எழுத்தாளரும் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். இலக்கியப் படைப்புக்குக் காப்பிரைட் பதிவுக் கட்டணம் 500 ரூபாய். நூலக ஆணையைத் தமிழ்நாடு பொது நூலகத் துறைதான் தீர்மானிக்கும். அதை வாங்கித் தருவதாக எந்தப் பதிப்பகமும் வாக்குக் கொடுக்க முடியாது, விண்ணப்பிக்கத்தான் முடியும். ஒப்பந்தத்தில் 'விண்ணப்பம்' என்றும் போனில் 'ஆணை' என்றும் சொல்லியிருப்பதைக் கவனித்தீர்களா?

உங்கள் வீட்டுக்காரர் சொல்வது

அவர் சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம். 320 பக்கம் என்பது 20 பாரம் (ஒன்றாக அச்சடித்து மடிக்கும் 16 பக்கம் ஒரு பாரம்). கோயமுத்தூரிலோ சிவகாசியிலோ இரண்டு மூன்று அச்சகங்களில் டெம்மி அளவு (நாவல்களுக்கு வழக்கமான அளவு), நேச்சுரல் ஷேட் தாள் (லேசான மஞ்சள் தாள்), பெர்பெக்ட் பைண்டிங் (முதுகில் பசை ஒட்டும் கட்டு) என்று சொல்லி, 100 படிக்கும் 300 படிக்கும் தனித்தனியாக எழுத்தில் விலை கேளுங்கள். இப்போது டிஜிட்டல் அச்சில் குறைந்த படிகளும் அடிக்கலாம். பக்க வடிவமைப்பும் அட்டையும் மெய்ப்பும் தனிச் செலவு. மெய்ப்புக்கு மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது, பள்ளிக்கூடத்தில் எத்தனை வருஷம் திருத்தியிருந்தாலும்.

சிக்கல் அச்சடிப்பதில் இல்லை, விற்பதில். கடைக்காரர்கள் 30 முதல் 40 விழுக்காடு கழிவு கேட்பார்கள், பணம் மெதுவாக வரும், கட்டுகள் வீட்டு முன்னறையில் கிடக்கும். ஆனால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு, அதை நீங்கள் கடிதத்தில் சொல்லவே இல்லை. கேரளத்தில் ஊருக்கு ஊர் கிரந்தசாலைகள், அதாவது நூலகங்கள், இருக்கின்றன. லைப்ரரி கவுன்சிலில் இணைந்தவை ஆண்டு மானியத்தில் புத்தகம் வாங்குகின்றன. மாவட்டப் புத்தக விழாவில் வந்து வாங்கிப் போவார்கள். சித்தூர் தாலுகாவில் தமிழ் படிக்கிற உறுப்பினர்கள் உள்ள நூலகங்களை உங்கள் பழைய மாணவர்கள் வழியாகவே பிடிக்கலாம். சென்னைப் பதிப்பகம் எதற்கும் அந்த வழி தெரியாது. பதிப்பகம் புத்தகத்தை எடுத்துக்கொண்டாலும்கூட, எழுத்தாளர் கழிவில் படிகள் வாங்கி இப்படிக் கொண்டு சேர்க்கலாம்.

சொந்தமாக வெளியிட்டால் நீங்கள்தான் பதிப்பாளர். நூலகங்களுக்குப் புத்தகம் அனுப்புவது பற்றிய 1954-ஆம் வருஷச் சட்டப்படி 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் உங்கள் செலவில் ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும். பலர் இதை அனுப்புவதில்லை. நீங்கள் அனுப்புங்கள். அந்த ஊர்க்காரர்களைப் பற்றிய புத்தகம் அங்கே பத்திரமாக இருக்கும்.

என் யோசனையைக் கேட்டால்: வரும் செப்டம்பர் வரை பதிப்பகங்களுக்கு அவகாசம் கொடுங்கள். யாரும் எடுக்காவிட்டால் 100 படி சொந்தமாக அடியுங்கள். முதலிலேயே 300 வேண்டாம்.

இரண்டு பயங்கள்

திருட்டுப் பயம் எல்லா முதல் நாவல்காரர்களுக்கும் வருவது. பதிவு செய்தால்தான் காப்பிரைட் என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்; தவறு. எழுதிய கணமே உரிமை உங்களுடையது. பதிவுச் சான்றிதழ் நீதிமன்றத்தில் முதல்நிலை ஆதாரமாக உதவும், அதனால் 500 ரூபாய் செலவழித்து உங்கள் பெயரிலேயே பதிவதில் தப்பில்லை. அதற்காகக் காத்திருந்து அனுப்பாமல் இருக்க வேண்டாம். உங்கள் மின்னஞ்சல்களும் கையெழுத்து நோட்டுகளும் போதிய சாட்சி. நோட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ஒன்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள்: சட்டம் காப்பது எழுதிய விதத்தை, கருவை அல்ல. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கிணறு வெட்டுகிறவர்களைப் பற்றி நாளை இன்னொருவரும் நாவல் எழுதலாம். உங்கள் பக்கங்களை எடுத்துப் போட்டால், பாலக்காட்டு மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். உரிமையாளர் வசிக்கும் இடத்தில் வழக்குப் போட காப்பிரைட் சட்டம் இடம் தருகிறது. ராயல்டித் தகராறு வேறு. அது ஒப்பந்த விவகாரம். "சென்னை நீதிமன்றங்கள் மட்டுமே" என்று உங்கள் பதினோராம் பிரிவு சொல்வதால் நீங்கள் வாளையார் தாண்டி வாய்தாவுக்கு அலைய வேண்டியிருக்கும்.

பண்ணையார் பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. "கதாபாத்திரங்கள் அனைத்தும் கற்பனையே" என்று முதல் பக்கத்தில் போட்டால் தீர்ந்தது என்று நினைத்திருக்கிறீர்கள். அந்த வரி முழுக் கவசம் அல்ல. வீட்டுப் பெயர், ஊர், காணாமல் போன கணக்குப்பிள்ளை என்று படிக்கிறவர் அடையாளம் கண்டுவிட்டால், அவதூறு வழக்குக்கு இடமுண்டு; பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு, இறந்தவரைப் பற்றியதானாலும் குடும்பத்தார் மனசைப் புண்படுத்தும் நோக்கத்தோடு எழுதப்பட்டிருந்தால் அவதூறாகலாம் என்கிறது. கதையை மாற்ற வேண்டியதில்லை. வீட்டுப் பெயரை மாற்றுங்கள், குளத்தைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுங்கள், இரண்டு குடும்பங்களை ஒரு குடும்பமாக்குங்கள். ஆவணமில்லாத அந்தக் கொலைச் சந்தேகத்தை உண்மைப் பெயரோடு மட்டும் விட்டுவைக்காதீர்கள்.

அத்தியாயத் தலைப்புகளில் சினிமாப் பாட்டு வரிகள் வைத்திருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள், அனுமதி வாங்க அலைவது வீண். பாரதி வரிகளுக்குக் கவலையில்லை, அவை 1949-லேயே அரசுடைமையாகிவிட்டன. கும்மிப் பாட்டுகளும் இருக்கட்டும். பாடிக் காட்டிய பாட்டிகளின் பெயரை நன்றியில் போடுங்கள். மலையாளத் தோழிக்கு ஒரு பக்கத்தில் அனுமதிக் கடிதம் போதும்: எந்த நூல், மலையாளம் மட்டும், எத்தனை வருஷம், வருகிற பணத்தில் யாருக்கு எவ்வளவு. மொழிபெயர்ப்புக்கான காப்பிரைட் அவருக்கு உண்டு, மூலத்துக்கானது உங்களிடமே இருக்கும்.

கொடுத்த பத்தாயிரம்

அதைப் போனதாக விட வேண்டாம். கட்டணம் வாங்கிச் செய்கிற சேவை என்பதால் நீங்கள் நுகர்வோர் என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் மனுப்போடலாம், பாலக்காட்டிலேயே முடியும். ஐந்து லட்சம் வரையுள்ள தொகைக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள், பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார்கள். ஓர் அத்தியாயம் திருத்திய கூலியைக் கழித்துக்கொள்வோம் என்பார்கள். அது நியாயமான தொகையாக இருந்தால் சண்டை வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், இன்றைக்கே இதை மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் பேச வேண்டாம். அவர்கள் போனில் கெட்டிக்காரர்கள்.

"தங்கள் ஒப்பந்த வரைவின் 4, 9, 11-ஆம் பிரிவுகளை நான் ஏற்கவில்லை. ஒப்பந்தத்தில் நான் கையெழுத்திடவில்லை. என் நாவலின் எந்த உரிமையையும் தங்களுக்கு மாற்றித் தரவில்லை. தங்களிடமுள்ள கோப்பை அச்சிடவோ மின்னூலாக்கவோ கூடாது. நான் செலுத்திய 10,000 ரூபாயில், செய்த வேலைக்கான தொகையை விவரத்தோடு கழித்துக்கொண்டு மீதியை 15 நாளுக்குள் அதே கணக்குக்குத் திருப்பி அனுப்பவும்."

ஜிபே ரசீதின் படத்தையும், அவர்கள் "தேர்வு செய்துவிட்டோம்" என்று அனுப்பிய வாட்ஸப் செய்தியின் படத்தையும் இணைத்துவிடுங்கள். பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.